பக்கத்து வீட்டுப் பளபளப்பு

"இது அழுக்கா, துருவா?" என்று கேட்டுக்கொண்டே அர்மேல் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான்.

கேட்டது எந்த மனிதரிடமும் இல்லை. காரின் பின்சக்கரத்துக்கு மேலே பட்டாணி அளவில் உப்பியிருந்த ஒரு புள்ளியிடம். புள்ளி உடனே பதில் சொல்லிவிட்டது. நீல பெயிண்ட் ஒரு சில்லு நகத்தோடு பெயர்ந்து வந்தது. பட்டாணி இருந்த இடத்தில் இப்போது ஒரு பிஸ்கட் அளவுக்குப் பழுப்பு நிறம் தெரிந்தது.

அக்டோபர் இருபதாம் தேதி ஆகிவிட்டது. போர் மெலான்சோன் என்ற அந்தக் கடலோர ஊரில் முதல் பனி எந்த நாளும் விழலாம். பனி விழுந்தால் அதை உருக்க நகராட்சி சாலையில் உப்பைக் கொட்டும். உப்பைக் கொட்டினால் மே மாதத்துக்குள் ஊரில் உள்ள கார் எல்லாம் துருப்பிடித்துக் கருவாடாகிவிடும். கியூபெக்கில் இந்தக் கரையோரத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். அர்மேலுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

காரணம், அவர்களுடைய பழைய கார். அவன் மனைவி கிலேன் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிற வேலையில் இருப்பவள். ஒரு நாளைக்கு ஆறு கிராமம் சுற்றுவாள். போன பிப்ரவரியில் கடலோரச் சாலையில் அவள் பிரேக்கை மிதித்தபோது, அவளுடைய குதிகால் காரின் தரையைத் துளைத்துக்கொண்டு சாலையைத் தொட்டது. துரு தின்று வைத்திருந்த தரை. மைனஸ் இருபத்தாறு குளிரில் நாற்பது நிமிடம் சாலையோரம் நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் அர்மேலைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவன் பல நாள் நினைத்திருக்கிறான்.

ஜூன் மாதம் இந்த ஊருக்குக் குடிவந்த கையோடு, இரண்டு வருடம் கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த பணத்தில் அவள் இந்தக் காரை வாங்கினாள். ஒன்பது வயதான கார். ஆனால் பெயிண்ட் மட்டும் அப்படியே இருந்தது.

"குளிருக்கு முன்னாடி கராஜ்ல குடுத்துடலாம்," என்றாள் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. "கீறல் அடைச்சு, பாலிஷ் போட்டு, மேல பூச்சு பூசி, எல்லாம் சேத்து தொள்ளாயிரம் டாலர் கேக்குறாங்க."

"தொள்ளாயிரமா? நான் நூறு டாலர்ல முடிச்சுக் காட்டுறேன்."

"போன காரையும் நீதான் பாத்துக்கிட்டே."

"அது போன கார்."

அர்மேல் வேலை பார்க்கும் இறால் ஆலையை சீசன் முடிந்து அந்த வாரம்தான் மூடியிருந்தார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு ஒரு வேலை கொடுப்பதும் நல்லதுதான் என்று கிலேனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சரி. மாசக் கடைசி வரைக்கும் டைம். அதுவரைக்கும் நான் என்கூட வேலை பாக்குற லிசெட் கார்ல போய்க்கிறேன். ஆனா அதுக்கப்புறம் எனக்கு என் கார் வேணும். இன்னொரு தடவ அந்த ரோட்டுல நிக்க என்னால முடியாது, அர்மேல்."

மறுநாள் காலையில் நகத்தை வைத்துப் பட்டாணியைப் பிஸ்கட் ஆக்கியதுதான் அவன் சொன்ன பதில்.

"சுரண்டாத தம்பி. சுரண்டினா பரவும்."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரோசேர் குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர். படகுத்துறையில் மீன் எடைபோட்டு ஓய்வு பெற்றவர். எழுபது வயது, மனைவி இல்லை, பேச்சுக்குக் குறைவில்லை. அவருடைய முற்றத்தில் ஒரு சிவப்பு கார் நின்றது. ஜூன் மாதம் வந்தபோது அதைப் பார்த்த அர்மேல், மனிதர் புது கார் வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்தான்.

"பதினேழு வயசு," என்றார் ரோசேர் அப்போது, பிள்ளையின் வயதைச் சொல்வது போல.

"பதினேழு வருஷமா இந்த ஊர்லயா?"

"இதே ஊர், இதே முற்றம்."

"ஒரு பொட்டு துரு இல்லையே. எப்படி அண்ணே?"

"பராமரிப்பு," என்று சொல்லிவிட்டு ரோசேர் துணியை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாத கதவை ஒருமுறை துடைத்தார்.

அப்படிப்பட்டவர் இப்போது வேலியைச் சுற்றிக்கொண்டு அவராகவே வந்து நிற்கிறார். அர்மேலுக்குக் கடவுளே வந்தது போல இருந்தது.

"நகம் வேலைக்கு ஆகாது. உப்புத்தாள் வேணும். நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் தேய்க்கணும்," என்று சொல்லி, ரோசேர் தன் பட்டறையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். கதவு நிலைகளை இழைக்கப் பயன்படுத்தும் முரட்டுத் தாள். அதை காரில் தேய்க்கலாமா என்று ஒரு கணம் அர்மேலுக்குச் சந்தேகம் வந்தது. சிவப்பு காரைத் திரும்பிப் பார்த்தான். சந்தேகம் போய்விட்டது.

அரைமணி நேரம் தேய்த்தான். நல்ல இரும்பு வந்தது. ஆனால் அது தனியாக வரவில்லை. சுற்றிலும் ஒழுங்காக இருந்த நீலத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிஸ்கட் இருந்த இடம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்திருந்தது.

"பிரமாதம்," என்றார் ரோசேர். "இப்ப பெயிண்ட்."

இரும்புச் சாமான் கடையில் அந்தக் காருக்கென்றே கலந்து தரும் சின்னப் புட்டி முப்பத்தெட்டு டாலர். பக்கத்திலேயே தோட்டத்து நாற்காலிகளுக்கு அடிக்கிற ஸ்ப்ரே டப்பா ஒன்பது டாலர். மூடியில் இருந்த நீலமும் காரின் நீலமும் அண்ணன் தம்பி போலத்தான் இருந்தன. கடை விளக்கு வெளிச்சத்தில் எல்லா நீலமும் அப்படித்தான் இருக்கும் என்பது அர்மேலுக்கு வீட்டு முற்றத்தில்தான் புரிந்தது.

"காயட்டும். காஞ்சா இருண்டுடும்," என்றார் ரோசேர்.

காய்ந்தது. இன்னும் பளிச்சென்று ஆனது. தெருக்கோடியில் இருந்து பார்த்தாலும் கார் தெரிவதற்கு முன்னால் அந்த வட்டம் தெரிந்தது.

அன்று மாலை லிசெட்டின் காரில் வந்து இறங்கிய கிலேன், தன் கார் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் இருப்பதைப் பார்த்தாள்.

"எதுக்கு மூடி வெச்சிருக்கே?"

"பெயிண்ட் மூச்சு விடணும்," என்றான் அர்மேல்.

"தார்ப்பாய்க்கு அடியிலயா?"

"ரோசேர் அண்ணன் சொன்னாரு."

அவள் வேறு எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பெயிண்ட் நன்றாகக் காய ஆறு நாள் விட்டு, ரோசேர் ஒரு பெரிய டப்பாவோடு வந்தார். மீன்பிடிப் படகு வைத்திருந்த அவருடைய தம்பி விட்டுப்போன படகு வாக்ஸ், படகின் மேல் பூசும் மெழுகு. "முழு காருக்கும் இத தடிப்பாப் போட்டா ரெண்டு நீலமும் ஒண்ணாத் தெரியும். கடல் தண்ணியையே தாங்குற வாக்ஸ், நம்ம ரோட்டு உப்பெல்லாம் இதுக்கு ஒரு ஆளா?"

அர்மேல் டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்தான். "மெல்லிசாப் போடணும்னு போட்டிருக்கு அண்ணே. பத்து டிகிரிக்கு மேல இருந்தாத்தான் போடணுமாம். இப்ப நாலு டிகிரிதானே."

"அது படகுக்கு எழுதினது. இது கார்."

அர்மேல் டப்பாவைத் திறந்தான். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போலக் கூரை முதல் பம்பர் வரை தடவினான். காய்ந்ததும் துடைக்க வேண்டும். மாலை வரை காயவில்லை. "விட்டுடு, காலையில துடைச்சிக்கலாம்," என்று ரோசேர் சொல்லிவிட்டுப் போனார். இரவில் உறைபனி இறங்கியது.

காலையில் தார்ப்பாயை விலக்கியபோது கார் மாவு மில்லிலிருந்து வந்தது போல வெளுத்து நின்றது. துணி போட்டுத் துடைத்தான். துணி கிழிந்தது, வாக்ஸ் அசையவில்லை. தன் பனியன் இரண்டைப் பலி கொடுத்தான். கிலேனின் தலையணை உறை ஒன்றையும் கொடுத்தான். கடைசியில் வீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒயர் இழுத்து, கிலேனின் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து, ஒரு கையால் சூடு காட்டி மறு கையால் தேய்த்தான். உள்ளங்கை அளவு இடத்துக்குப் பத்து நிமிடம் பிடித்தது. கூரையும் கதவுகளும் முடிய மூன்று நாள் ஆனது. மேலாக இருந்த வெள்ளை போனதே தவிர, அடியில் இறுகிப் பிடித்த படலம் எந்தச் சூட்டுக்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் மதியம் மெஷின் ஒரு பெருமூச்சு விட்டுப் புகைந்து ஓய்ந்தது. ஜன்னலைச் சுற்றியும் பம்பரிலும் இருந்த கறுப்பு பிளாஸ்டிக்கில் மட்டும் வெள்ளைத் திட்டுகள் அப்படியே இருந்தன.

"இதுக்குத்தானா கவலப்படுறே?" என்றார் ரோசேர். "கடலை வெண்ணெய் போடு. பிளாஸ்டிக்ல ஒட்டின வாக்ஸ கடலை வெண்ணெய் மாதிரி எதுவும் எடுக்காது."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை. தடவித் தேய்த்து உடனே துடைத்துவிட்டால் கறை போய்விடும். ஆனால் ரோசேர் ஒரு மணி நேரம் ஊற வேண்டும் என்றார். ஊறட்டும் என்று இருவரும் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மேப்பிள் பாகு ஊற்றிய கேக்கைச் சாப்பிட்டார்கள்.

"ஆமா, கிலேன் வியாழக்கிழமை எத்தன மணிக்குக் கிளம்புவா?" என்று கேட்டார் ரோசேர், காப்பியை ஊற்றிக்கொண்டே.

"ஏழரைக்கு. ஏன் அண்ணே?"

"சும்மாதான். ஏழரைக்கு ரோட்டுல உப்பு ஜாஸ்தியா இருக்கும். கார் நல்லா இருக்கணுமேன்னு ஒரு கவலை."

அடுத்தவர் காருக்காக இப்படிக் கவலைப்படும் மனிதர் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார் என்று அர்மேல் நெகிழ்ந்துபோனான். கேக்கில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான். அந்த இரண்டாவது துண்டுதான் தப்பு.

வெளியே வந்தபோது காரின் மேல் ஏழு கடற்பறவைகளும் மூன்று அணில்களும் விருந்துக்கு உட்கார்ந்திருந்தன. பறவைகள் கூரையை எடுத்துக்கொண்டு, ஜன்னல் ஓரங்களை அணில்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தன. அர்மேல் கையை வீசிக்கொண்டு ஓடினான். பறவைகள் போகிற போக்கில் தங்கள் கணக்கைக் கூரையிலேயே தீர்த்துவிட்டுப் பறந்தன. அணில்கள் வழுக்கி வழுக்கிக் கதவு வழியாக இறங்கின. இறங்கின வழியெல்லாம் நகக்கோடுகள்.

ராத்திரி சாப்பாட்டின்போது கிலேன் அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"புது கடலை வெண்ணெய் டப்பா எங்க?"

"தீந்துருச்சு."

"ஒரு கிலோ டப்பா அது. யாரு சாப்பிட்டா?"

அர்மேல் பட்டாணி சூப்பில் கரண்டியை விட்டு ஏதோ தேடுவது போல நடித்தான். "நெறைய பேரு," என்றான்.

"என் முடி காயவைக்கிற மெஷினும் காணோம்."

"அதையும் சொல்றேன். மாசக் கடைசியில சொல்றேன்."

கிலேன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்று மட்டும் சொன்னாள். அன்று அர்மேலுக்குத் தூக்கம் வரவில்லை. தொள்ளாயிரம் டாலர் பெரிய தொகைதான். ஆனால் நூறு டாலரில் முடித்துக்காட்டுகிறேன் என்று அவன் சொன்னது அந்தக் காசுக்காக மட்டும் இல்லை. அந்த நாற்பது நிமிடத்துக்குத் தன் கையால் ஏதாவது செய்து ஈடுகட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அந்த ஆசைதான் இப்போது தார்ப்பாய்க்கு அடியில் கடலை வெண்ணெய் வாசனையோடு நிற்கிறது.

மாதக் கடைசி நாள் வந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு படிக்கட்டில், பேய்த் திருநாளுக்காகச் செதுக்கிய பூசணிக்காய் முகம் காட்டியது. நூறு டாலரும் காலி. ரோசேர் கவலைப்படவே இல்லை.

"கடைசியா ஒண்ணு பாக்கி. அடியில எண்ணெய் அடிக்கணும். கோன்ராட் இருக்கான், அவன் காசு வாங்க மாட்டான். ஒரு பெட்டி பீர் குடுத்தாப் போதும். அந்த பீர் என் செலவு."

கோன்ராட் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் கார்களைத் தூக்கி அடிப்பாகத்தில் துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பவன். அடிப்பாகம் முடிந்ததும் அணில் கோடுகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"மேலயும் கொஞ்சம் அடி கோன்ராட்," என்றார் ரோசேர். "எண்ணெய் பட்டா கீறல் மறைஞ்சிடும், பளபளன்னு ஆயிடும்."

"மேல யாரும் அடிக்க மாட்டாங்களே."

"அதனாலதான் எல்லா காரும் துருப்பிடிக்குது."

கோன்ராட் பீர்ப் பெட்டியைப் பார்த்தான். அடித்தான். கார் உண்மையாகவே பளபளத்தது. இரண்டு நீலமும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தன. அர்மேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு நாளைக்கு எண்ணெய் சொட்டும்," என்றான் கோன்ராட். "நேரா வீட்டுக்குப் போகாதீங்க. வழக்கம்போல ஒரு மண் ரோட்டுல ஓட்டிட்டுப் போங்க. புழுதி எண்ணெய்ல ஒட்டிக்கிட்டா சொட்டாது."

இது ஊரில் எல்லாரும் செய்வதுதான். எண்ணெய் அடித்ததும் புழுதியைத் தேடிக்கொண்டு மண் சாலைக்குப் போவார்கள். ரோசேரும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீட்டைப் பின்னால் தள்ளி, கால் நீட்டிப் பார்த்து, சூட்டுக் காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இந்தப் பக்கம் சூடு நல்லா வருது," என்று திருப்தியாகச் சொன்னார்.

ஆனால் முந்தின நாள் மழை பெய்திருந்தது. வயல்களுக்கு நடுவே போகும் நாலாவது மண் சாலையில் புழுதி என்று ஒரு சிட்டிகை கூடக் கிடைக்கவில்லை. ஐந்தாவது சாலையிலும் இல்லை. எண்ணெய் சொட்டிக்கொண்டே வந்தது. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. மூன்று மணிக்கு கிலேன் வந்துவிடுவாள்.

"அதோ," என்றார் ரோசேர்.

தூரத்தில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் சாலையின் அகலத்துக்கு ஒரு வெளிறிய மூட்டம் எழுந்தது.

"புழுதின்னா அது புழுதி. ஒட்டிப் போ தம்பி, விடாத."

அர்மேல் ஒட்டிப் போனான். முன்கண்ணாடியில் சடசடவென்று சத்தம் கேட்டது. லாரி மெதுவாகப் போனால் இவனும் மெதுவாகப் போனான், வேகமெடுத்தால் இவனும் எடுத்தான். கார் முழுக்க ஒரு தோல் படர்ந்துகொண்டே வந்தது. "நல்லாப் பிடிக்குது, நல்லாப் பிடிக்குது," என்று ரோசேர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினோரு கிலோமீட்டர் இப்படிப் போன பிறகு லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"எதுக்கய்யா பின்னாலேயே வர்றீங்க? நானும் எத்தன தடவதான் கை காட்டுறது, முந்திப் போங்கன்னு?"

"புழுதிக்காகத்தான் வர்றோம்," என்றான் அர்மேல்.

"எந்தப் புழுதி?" ஓட்டுநர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். "நான் நகராட்சி ஆளு. சீசனுக்கு முன்னாடி மெஷின் ஒழுங்கா வீசுதான்னு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல ஓட்டிப் பாக்குறேன்."

"என்னத்த வீசுது?"

ஓட்டுநர் லாரியின் பின்பக்கத்தைக் கை காட்டினார். அர்மேல் காரின் மேல் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். ரோசேரும் தொட்டு நாக்கில் வைத்தார். அந்த ஆண்டில் அந்த மாவட்டத்தில் விழுந்த முதல் உப்பு, ஒரு கல்லும் சிந்தாமல், எண்ணெயில் தோய்ந்து அர்மேலின் காரில் இருந்தது.

"கொஞ்சம் மணலும் கலந்திருக்கு தம்பி," என்றார் ரோசேர். "அது நல்லது."

அர்மேல் முதல்முறையாக அவர் பேச்சைக் காதில் வாங்காமல் காரில் ஏறினான்.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது கிலேன் வாசலிலேயே நின்றிருந்தாள். லிசெட் சீக்கிரமே கொண்டுவந்து விட்டிருந்தாள். ரோசேர் நைசாகத் தன் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இது என் காரா?"

"ஆமா."

"நீலமா இருந்துச்சே."

"உள்ள இன்னும் இருக்குன்னு நெனைக்கிறேன்."

அவள் கையுறையைக் கழற்றினாள். விரலால் கதவைத் தொட்டாள். வறுத்த மீனின் மேல்தோல் போல ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அர்மேலுக்கு மறைக்க இனிமேல் எதுவும் இல்லை. பட்டாணியில் ஆரம்பித்தான். உப்புத்தாள், நாற்காலி பெயிண்ட், படகு வாக்ஸ், தலையணை உறை, மெஷின், கடலை வெண்ணெய், பறவை, அணில், எண்ணெய், லாரி என்று வரிசையாக ஒப்பித்தான். எதையும் ரோசேர் தலையில் போடவில்லை. செய்தது தன் கைதானே.

"உப்புல இருந்து காப்பாத்தத்தான் கெளம்பினேன்," என்றான் கடைசியில். "ஊருக்கே முதல் ஆளா உப்புல குளிப்பாட்டிக் கொண்டாந்திருக்கேன். அந்த நாப்பது நிமிஷம் நீ நின்னதை என்னால மறக்க முடியல கிலேன். அத எப்படியாவது சரி பண்ணணும்னு பாத்தேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

கிலேன் காரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் புருவத்தில் கூட உப்பு இருந்தது. அவளுடைய உதடு துடிக்க ஆரம்பித்தது. அழப் போகிறாள் என்று நினைத்து அர்மேல் ஓரடி முன்னால் வைத்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது.

"அணிலு எத்தனன்னு சொன்னே?"

"மூணு."

"போ, வெந்நீர் கொண்டா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சோப்பு நெறையப் போடு. தினமும் ஆறு பேரைக் குளிப்பாட்டுறேன், ஏழாவதா இதையும் குளிப்பாட்டுறேன்."

இருவரும் வாளி வாளியாக வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். உப்பு போனது, மணல் போனது, மேலே இருந்த எண்ணெய் போனது. கூரையில் பறவைகள் விட்டுச்சென்றதும் போனது. அடியிலிருந்து மெல்ல நீலம் வந்தது. வந்தது மட்டும் இல்லை, அதன் மேல் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மூன்று நாள் மல்லுக்கட்டியும் போகாத அந்தப் படகு வாக்ஸ் படலம் அடியில் கெட்டியாகப் பிடித்திருந்தது. அணில் நகமும் அதைத்தான் கீறியிருந்தது, பெயிண்ட்டை எட்டவில்லை. அர்மேல் ஒரு கோட்டைத் துணியால் தேய்த்தான். கோடு மறைந்தது. இன்னொன்றைத் தேய்த்தான். அதுவும் போனது.

"இது மட்டும் என்ன நீலம்?" கிலேன் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த வட்டத்தைத் தொட்டாள்.

"தோட்டத்து நாற்காலி நீலம்."

"இருக்கட்டும். கடை பார்க்கிங்ல என் காரைத் தேட வேண்டாம் பாரு." அவள் ஈரக் கையால் அவன் புருவத்து உப்பைத் தட்டிவிட்டாள். பிப்ரவரியிலிருந்து அர்மேலின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது.

நிலைமை சீரானதைப் பார்த்ததும் ரோசேர் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். "நான்தான் சொன்னேனே, படகு வாக்ஸ்னு. இந்தக் கார் இன்னும் பத்து வருஷம் வரும்மா. நீ வேணா பாரு."

"உங்க கார் மாதிரி வருமா?" என்றாள் கிலேன். "நிஜமாவே கேக்குறேன். பதினேழு குளிர்காலம், ஒரு பொட்டு துரு இல்ல. என்னதான் ரகசியம்?"

"ரகசியம் ஒண்ணும் இல்லம்மா. எல்லாம்..." என்று ஆரம்பித்த ரோசேர், தெருமுனையில் திரும்பிய ஒரு சின்ன லாரியைப் பார்த்தார். திடீரென்று அவருக்கு அடுப்பில் சூப் வைத்தது நினைவுக்கு வந்தது. கிடுகிடுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லாரி இவர்கள் வாசலில் நின்றது. வந்தவன் நெல்சன். குளிர்காலம் முழுக்க இந்தத் தெருவில் வீட்டு வாசல்களில் விழும் பனியை மெஷினால் தள்ளிவிட ஒப்பந்தம் எடுத்திருப்பவன். பனி மூடிய பிறகு வழியின் ஓரம் தெரியாது என்பதால், அக்டோபர் முடிவதற்குள் ஒவ்வொரு முற்றத்திலும் இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் குச்சிகளை நட்டுவிட்டுப் போவான். கையை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டு சுத்தியலும் குச்சிக் கட்டுமாக இறங்கினான். ஓட்டுநர் இறங்கும் பக்கம் காரை ஒட்டி நேர்கோடாக நட்டான். மறுபக்கம் போய், காலால் அளந்து, புல்வெளிக்குள் நன்றாகத் தள்ளி நட ஆரம்பித்தான்.

"அந்தப் பக்கம் மட்டும் எதுக்குத் தம்பி இவ்வளவு தள்ளி நடுறே?" என்று கேட்டாள் கிலேன். "பக்கத்து வீட்டுல ஒரு குச்சி கூட நடலையே, அவருக்கு வேண்டாமா?"

"அவரு முற்றத்துக்கு எதுக்குக்கா குச்சி?" என்றான் நெல்சன், சுத்தியலை ஓங்கியபடியே. "அவரு கார்தான் நாளையில இருந்து மே மாசம் வரைக்கும் மச்சான் வீட்டுக் கொட்டகையில தூங்கப் போகுதே, பதினேழு வருஷமா பனிக்காலம் பூரா இந்த வீட்டுக்குக் குடிவர்றவங்க கார்லதானே அவரு போறாரு, ஏறி உக்கார இடம் வேணும்னு போன வாரமே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டாரு."